மூன்று நகக்கோடுகள்

நம் வேலையைப் பற்றி வெளியாட்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். ஜாடியையும் கிண்ணத்தையும் எல்லோரும் மேலிருந்து பார்ப்பார்கள், நாம் கவிழ்த்துப் போட்டு அடிப்பக்கத்தைப் பார்க்கிறோம். அங்கே ஒரு முத்திரையோ கோடோ புள்ளியோ இருக்கும். அது யாருடையது என்று கண்டுபிடித்து ஒரு கார்டில் எழுதிவைக்கிறோம். இதற்கு ஒரு அரசாங்க நாற்காலி, ஒரு பூதக்கண்ணாடி, கடைசியில் ஓய்வூதியம். எனக்கு மாப்பிள்ளை பார்த்தபோது பெண் என்ன உத்தியோகம் பார்க்கிறாள் என்று விளக்க என் அப்பா பட்ட பாடு கொஞ்சமில்லை.

அருங்காட்சியகத்தின் இந்தப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். நான் கண்டுபிடித்த பெயர்களைப் பற்றி எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். அதெல்லாம் கார்டுகளில் இருக்கிறது, போரடிக்கும்போது எடுத்துப் படித்துக்கொள்ளுங்கள். நான் எழுதப்போவது என் தப்பைப் பற்றி. முப்பது வருஷ உத்தியோகத்தில் நான் பல தப்புகள் செய்தேன். பெரும்பாலானவை சிரிக்கக்கூடியவை. ஒன்று அப்படி இல்லை.

முதலில் சிரிக்கக்கூடியதைச் சொல்லிவிடுகிறேன். நான் சேர்ந்த வருஷம் ஒரு பச்சைத் தட்டு வந்தது. அடியில் முக்கோணமாக மூன்று புள்ளிகள். "கலைஞர் பெயர் தெரியவில்லை, குறி: மூன்று புள்ளி" என்று கார்டு எழுதினேன். அதே புள்ளி இன்னும் ஏழெட்டுத் தட்டுகளில் கிடைத்தது. நாலு மாதம் அந்தக் கலைஞரைத் தேடினேன். கடைசியில் சூளை வைத்திருந்த ஒருவர் வந்து பார்த்துவிட்டு, சுடும்போது தட்டு ஒட்டிக்கொள்ளாமல் இருக்கக் கீழே கொடுக்கும் முட்டின் தழும்பு இது, எந்தச் சூளையிலும் வரும் என்றார். பிரிவே சிரித்தது, நானும் சேர்ந்து சிரித்தேன். ஒரு குறியைப் பார்த்ததும் யார் போட்டது என்று கேட்கக் கூடாது, எதற்காக வந்தது என்று முதலில் கேட்க வேண்டும். இதை அன்றே நான் கற்றிருக்க வேண்டும். சிரித்து முடித்ததும் மறந்துவிட்டேன்.

எழுபதுகளின் கடைசியில் நடந்தது இனி நான் சொல்லப்போவது. உத்திரமேரூருக்கு வெளியே, மாகறல் பக்கம் போகும் சாலையில், பட்டணத்துக்காரர் ஒருவர் ஒரு பட்டறை வைத்திருந்தார். வீட்டுக்கு வாங்குகிற சட்டி பானை இல்லை, கண்ணாடி அலமாரியில் வைக்கிற கிண்ணமும் ஜாடியும். கிளேஸ் என்று சொல்கிற கண்ணாடி மாதிரிப் பளபளப்புப் பூச்சை, சாம்பலும் பச்சையும் கலந்த நிறத்தில் பூசி, அதிகச் சூட்டில் சுட்டு எடுப்பார்கள். அழகான சரக்கு, அதில் சந்தேகமே இல்லை. வெளிநாட்டார் தேடி வந்து வாங்கினார்கள்.

ஒரு நாள் தொழிற்சாலை ஆய்வாளர் அலுவலகத்திலிருந்து நம் பிரிவுக்குக் கடிதம் வந்தது. கூடவே கறுப்பு வெள்ளையில் ஒரு புகைப்படம். விரிசல் விட்ட ஒரு கிண்ணத்தின் அடிப்பக்கம், நடுவில் மூன்று சிறிய கோடுகள். கடிதத்தில் இருந்த விஷயம் இதுதான். ஏரிக்கரை ஓரத்து இருளர் குடியிருப்பைச் சேர்ந்த கன்னியம்மா என்ற பெண் இருமலோடு அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள். எல்லோரும் டி.பி. என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, எக்ஸ்ரேயைப் பார்த்த ஒரு டாக்டர் இது டி.பி. இல்லை, கல் தூசி நுரையீரலில் படிந்திருக்கிறது, எங்கே வேலை செய்கிறாய் என்று கேட்டிருக்கிறார். கிளேஸுக்காக வெள்ளைக் கல்லை அரைக்கும் கொட்டகையில் ஒன்பது வருஷம் வேலை செய்ததாக அவள் சொன்னாள். டாக்டர் ஆய்வாளருக்கு எழுதினார். ஆய்வாளர் பட்டறையைக் கேட்டார். அப்படி ஒரு பெண் இங்கே உள்ளே வேலை செய்ததே இல்லை, எப்போதாவது விறகு கொண்டுவந்து போட்டிருப்பாள் என்று பட்டறை பதில் அனுப்பியது. பதிவேட்டில் பெண்களின் பெயர் ஒன்றுகூட இல்லை.

கன்னியம்மாவிடம் இருந்த ஒரே ஆதாரம் அந்தக் கிண்ணம். விரிசல் விட்டதால் வேண்டாம் என்று தூக்கிப் போட்டதை எடுத்துவந்து வீட்டில் உப்பு வைத்திருந்தாள். அதன் அடியில் இருக்கும் மூன்று கோடும் தன் கையால் போட்டவை என்றாள். அவள் அங்கே வேலை செய்தாள் என்று நிரூபணமானால்தான் ஆய்வாளர் அந்தக் கொட்டகையைத் திறந்து பார்க்க முடியும், தூசிக்கு ஒரு வழி செய்யச் சொல்ல முடியும், அங்கே இன்னும் உட்கார்ந்திருக்கும் மற்ற பெண்களை டாக்டரிடம் அனுப்ப முடியும். இல்லையென்றால் அவள் விறகுக்காரி, அவளுக்கு வந்தது டி.பி. இந்தக் குறி யாருடையது என்று ஒரு வாரத்துக்குள் எழுதிக் கொடுங்கள் என்று ஆய்வாளர் கேட்டிருந்தார். பாவம், அவருக்கும் எங்களை விட்டால் வேறு ஆள் கிடைக்கவில்லை.

என் மேலதிகாரி கடிதத்தைப் படித்துவிட்டு என்னிடம் தள்ளினார். அடுத்த வருஷக் கண்காட்சிக்கு அந்தப் பட்டறை இருபது உருப்படிகள் இனாமாகத் தருவதாகச் சொல்லியிருக்கிறது என்பதையும் அதே மூச்சில் நினைவுபடுத்தினார். "பார்த்து எழுதும்மா" என்றார். உங்களுக்கும் ஒரு நாள் யாராவது இந்த இரண்டு வார்த்தையைச் சொல்வார்கள்.

நான் உத்திரமேரூர் போய் இறங்கியபோது பட்டறை மேனேஜர் ஜீப்போடு நின்றிருந்தார். நல்ல மரியாதை. இளநீர், பிஸ்கட், மின்விசிறிக்கு நேராக நாற்காலி. ஷோகேஸைத் திறந்து ஒரு கிண்ணத்தை எடுத்து அவரே கவிழ்த்துக் காட்டினார். அதே மூன்று கோடு. நான் புகைப்படத்தைப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன், ஒத்துப்போனது. கிண்ணத்தை என் கையில் வாங்கவில்லை. கண்ணால் பாருங்கள், கையால் தொடாதீர்கள் என்று அருங்காட்சியகத்துக்கு வருகிறவர்களிடம் சொல்லிச் சொல்லி எனக்கே அந்த வியாதி வந்திருந்தது.

சக்கரத்தில் உட்கார்ந்து வனைபவரை அங்கே மாஸ்டர் என்று கூப்பிட்டார்கள். ஐயங்கார்குளத்துக்காரர், ஐம்பது வயதிருக்கும், கை தேர்ந்த மனிதர். நான் பேசப் போனபோது மேனேஜரும் கூடவே வந்து நின்றார். "இது உங்க குறிதானே மாஸ்டர்?" என்று கேட்டேன். கேள்வியைக் கவனியுங்கள். பதிலையும் நானே உள்ளே வைத்துத்தான் கேட்டிருக்கிறேன். அவர் மேனேஜரை ஒரு பார்வை பார்த்தார். கையில் இருந்த சேற்றைத் துண்டில் துடைத்தார்.

"அப்படியே வச்சிக்கோங்கம்மா" என்றார்.

நான் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டேன். பெரிய கலைஞர், தன் பெயரைத் தானே சொல்லிக்கொள்ளக் கூச்சப்படுகிறார் என்றுகூட நினைத்தேன். எங்கள் ஊர்ப் பக்கத்துப் பேச்சு எனக்குத் தெரியாததா? ஆமாம் என்றால் ஆமாம் என்பார்கள். வச்சிக்கோ என்றால் உன் இஷ்டம், என்னை விடு என்று அர்த்தம். பிறந்ததிலிருந்து கேட்ட பேச்சு அன்றைக்கு என் காதில் ஏறவில்லை.

கிளேஸ் கொட்டகையைப் பார்க்கலாமா என்று கேட்டேன். அன்றைக்கு அங்கே வேலை இல்லை, பூட்டியிருக்கிறது என்றார் மேனேஜர். கொட்டகைக்கு வெளியே ஒரு புங்கமரம் நின்றது. இலையெல்லாம் வெள்ளையாக இருந்தது. இந்தப் பக்கம் மழையே இல்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். சாப்பாட்டுக்குப் பிறகு இன்னும் நேரம் இருக்கிறதே, கல்வெட்டு மண்டபத்தைக் காட்டுகிறேன் என்று ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார். ஆயிரம் வருஷத்துக்கு முந்தின எழுத்தை எழுத்துக்கூட்டிப் படித்தபடி ஒரு மணி நேரத்துக்கு மேல் அங்கே நின்றேன். எனக்கு அதில் அவ்வளவு ஆசை.

சாயங்காலம் பஸ் நிலையத்தில் அவர் என்னை இறக்கிவிட்டுப் போன பிறகு இரண்டு பெண்கள் என்னிடம் வந்தார்கள். மூத்தவளால் நிற்க முடியவில்லை, வந்ததும் தரையில் குந்திவிட்டாள். தோள்பட்டை எலும்பு இரண்டும் தனித்தனியாகத் தெரிந்தன. இளையவள் அவளுடைய முதுகைத் தடவிக்கொண்டே, கிண்ணத்துக் குறி பார்க்க வந்த அம்மா நீங்கள்தானா என்று கேட்டாள். மூத்தவள்தான் கன்னியம்மா. இளையவள் அவளுடைய தங்கை செல்லி. ஏரிக்கரையிலிருந்து நடந்தே வந்திருந்தார்கள், வழியில் நாலைந்து இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து.

"மூணு கோடு நான் போட்டதும்மா. இந்த நகத்தாலதான்" என்று கன்னியம்மா வலது கைக் கட்டைவிரலைக் காட்டினாள். நகம் ஒரு பக்கம் தேய்ந்து சரிந்திருந்தது. "நான் அங்க இருந்தேன்னு நீ எழுதினா போதும்மா. எனக்கு இனிமே இன்னா ஆவப்போவுது. மத்த பொண்ணுங்க அஞ்சு பேரு அதே தூசில குந்திக்கினு கீறாங்க. அவங்களையாவது டாக்டரு பார்ப்பாரு."

நான் நிபுணர் அல்லவா? நிபுணர் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன். "நீ சக்கரத்துல உக்காந்து கிண்ணம் செய்வியா?"

"சக்கரம் நாங்க தொட மாட்டோம்மா. அது மாஸ்டரு வேலை. நான் அந்தாண்ட..."

அதற்கு மேல் இருமல் வந்துவிட்டது. சாதாரண இருமல் இல்லை, அவள் உடம்பையே மடக்கிப் போட்டது. அக்கா என்ன சொல்லுதுன்னா என்று செல்லி ஆரம்பித்தாள். அப்போது பஸ் வந்து நின்றது. அதை விட்டால் அன்றைக்கு வேறு பஸ் இல்லை, கூட்டம் வேறு முண்டியடித்தது. "சரிம்மா, எழுதிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு ஏறிவிட்டேன். ஜன்னல் வழியாகப் பார்த்தபோது கன்னியம்மா இன்னும் குந்தியபடியே கட்டைவிரலைத் தூக்கிப் பிடித்திருந்தாள்.

மறுநாள் அறிக்கை எழுதினேன். மனப்பாடமாக இருக்கிறது, அப்படியே தருகிறேன். "இக்குறி சக்கரத்தில் வனைந்தவரின் குறியாகும். வனைபவரும் அதை மறுக்கவில்லை. இப்பகுதியில் பெண்கள் சக்கரத்தைத் தொடும் வழக்கம் இல்லை. சம்பந்தப்பட்ட பெண்ணும் தான் சக்கரம் தொட்டதில்லை என ஒப்புக்கொண்டார். எனவே அவரது கூற்று ஏற்கத்தக்கதல்ல."

அவள் கிண்ணம் செய்ததாக எங்கேயும் சொல்லவில்லை. கோடு போட்டதாக மட்டும்தான் சொன்னாள். அடியில் குறி இருந்தால் அது செய்தவனின் கையெழுத்து என்று முடிவு கட்டியது நான். அவளுடைய உண்மையான பதிலையே எடுத்து அவளுக்கு எதிராகச் சாட்சியாக்கினேன். இதில் லாபம் உள்ளவள் சொல்வதை நம்பக் கூடாது என்று ஒரு விதி நம் தொழிலில் உண்டு, அதையும் ஒழுங்காகக் கடைப்பிடித்தேன். மேனேஜருக்கும் லாபம் உண்டே என்று எனக்குத் தோன்றவில்லை. அவர் இளநீர் கொடுத்தார், நாற்காலி போட்டார். மேலதிகாரி என் அறிக்கையில் ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல் கையெழுத்துப் போட்டார். நானும் ஒரு பெண்தான் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். அது அவளுக்கு ஒரு உபயோகமும் இல்லாமல் போனது.

ஒன்றரை வருஷம் ஆயிற்று. இனாமாக வருவதாகச் சொன்ன இருபது உருப்படிகளும் கண்காட்சிக்கு வந்து சேர்ந்தன. பிரித்து அடுக்கும் வேலை எனக்கு. வைக்கோல் தூள் போக ஒரு கிண்ணத்தை ஈரத் துணியால் துடைத்தபோது என் விரல் அடிப்பக்கத்தில் பட்டது. சொரசொரவென்று இருந்தது.

உங்களில் சூளை வேலை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஈர மண்ணில் கோடு கிழித்து, அதன் மேல் கிளேஸ் பூசிச் சுட்டால், கிளேஸ் கோட்டுக்குள் இறங்கி நிரம்பிவிடும். விரலுக்கு வழவழவென்று இருக்கும். கிளேஸ் பூசிய பிறகு, அது காயும் முன் கிழித்தால், கோடு இருக்கும் இடத்தில் கிளேஸ் இருக்காது. அடியில் உள்ள சுட்ட மண் விரலில் சொரசொரக்கும். கறுப்பு வெள்ளைப் படத்தில் இரண்டும் ஒரே மாதிரி கறுப்பாகத்தான் தெரியும். தொட்டால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். மூன்று கோடும் கிளேஸ் பூசிய பிறகு போட்டவை. பூசியவர்தான் போட்டிருக்க முடியும். வனைந்தவருக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

துணியைக் கீழே வைத்துவிட்டு மூன்று கோட்டையும் ஒவ்வொன்றாக மறுபடி தடவிப் பார்த்தேன். வெட்கமும் பயமும் ஒன்றாக வந்தன.

ஆய்வாளர் அலுவலகத்துக்குப் போனேன். எங்களுக்கு எழுதியவர் மாற்றலாகிப் போயிருந்தார். புதியவர் கோப்பை எடுத்துக் காட்டினார். ஏற்கத்தக்கதல்ல என்ற என் வார்த்தைக்குக் கீழே சிவப்பு மையில் கோடு போட்டிருந்தது. நிபுணர் கருத்துப்படி முடிக்கப்பட்டது என்று பக்கத்தில் எழுதியிருந்தது. அந்தப் பெண் எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். கோப்பு முடிந்த சில மாதத்திலேயே இறந்துவிட்டாள் என்றார்.

கிண்ணத்தைப் பையில் போட்டுக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனேன். செல்லி வேலையிலிருந்து அப்போதுதான் திரும்பி வந்துகொண்டிருந்தாள். தலைமுடியும் புருவமும் வெள்ளையாக இருந்ததால் யாரோ கிழவி என்று நினைத்தேன். கிட்டே வந்ததும்தான் அது தூசி என்று தெரிந்தது.

"பஸ்சு ஏறிப்போன அம்மாதானே நீ?" என்றாள்.

ஆமாம் என்றேன். அவளுடைய அக்கா சொன்னது உண்மை, நான்தான் தப்பாக எழுதிவிட்டேன், குறி கன்னியம்மாவுடையது என்று திருத்தி எழுதப்போகிறேன் என்று சொல்லிக் கிண்ணத்தை எடுத்துக் கொடுத்தேன். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது அக்கா போட்டது இல்லம்மா. அக்கா சாவுறதுக்கு முந்தி கிளேஸு இவ்ளோ பச்சை கெடையாது. இது நான் போட்டது."

அப்படியானால் மூன்று கோடு உன் குறியா என்று குழம்பிப்போய்க் கேட்டேன்.

"மூணு கோடு யாருதும் இல்ல. மூணாவது எடத்தோடது. வரிசையா ஆறு பேரு குந்தி கிளேஸு பூசுவோம். மொதல்ல குந்தறவளுக்கு ஒரு கோடு, ரெண்டாவதுக்கு ரெண்டு. கிளேஸு திட்டுத்திட்டா வந்துச்சுன்னா யாரைத் திட்டறதுன்னு மேனேஜருக்குத் தெரியணும் இல்ல, அதுக்குத்தான்."

உலகம் முழுக்க சேகரிப்பாளர்கள் இந்தக் கோடுகளைப் பார்த்துக் கலைஞனின் முத்திரை என்று உருகினார்கள், நானும்தான். அது தப்பு செய்தால் யாரை ஏசுவது என்பதற்காக வைத்த அடையாளம். ஏச்சு வாங்கித் தருவதற்காகவே இருந்த அந்தக் கோடு, ஒரே ஒரு தடவை அவளுக்கு உதவியிருக்கலாம். அந்த ஒரு தடவையும் அதை நான் வேறொருவர் பெயரில் எழுதினேன்.

கன்னியம்மாவுக்கு முன்னால் மூன்றாவது இடத்தில் யார் இருந்தது என்று கேட்டேன். எல்லம்மா என்று ஒருத்தி, அவளும் இப்படித்தான் இருமி இருமிப் போனாள் என்றாள் செல்லி. மற்ற இடத்துப் பெண்களுக்கும் இருமல் உண்டு, ஆனால் கல் அரைக்கிற மிஷின் மூன்றாவது இடத்துக்கு நேராக இருக்கிறது, தூசி முதலில் அங்கேதான் வரும். அவள் இதைச் சொல்லும்போதே இரண்டு தடவை இருமினாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"தெரிஞ்சும் ஏன் அந்த எடத்துல போய் உக்காந்தே?"

"காலியான எடத்துலதானேம்மா குந்தணும்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. தெரியாத ஒன்றைச் சொல்லிக் கொடுக்கிற மாதிரி சொன்னாள். அக்காவின் பிள்ளைகள் இரண்டு பேரும் இப்போது அவளிடம்தான் இருந்தார்கள்.

இரண்டாவது அறிக்கை எழுதினேன். இந்தக் குறி ஒருவருடையது அல்ல, கொட்டகையில் ஓர் இடத்தினுடையது, அந்த இடத்தில் இன்று வரை பெண்கள் உட்கார்ந்து வேலை செய்கிறார்கள், அவர்களில் இருவர் இறந்துவிட்டார்கள், மூன்றாவது பெண் இருமிக்கொண்டிருக்கிறாள், கிண்ணத்தைத் தொட்டுப் பார்த்தால் யாருக்கும் புரியும் என்று எழுதினேன். மேலதிகாரி கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். ஒரே நிபுணர் ஒரே குறிக்கு இரண்டு பதில் எழுதினால் நாளைக்கு நம் பிரிவை யார் மதிப்பார்கள் என்று கேட்டார். என் சொந்தப் பெயரில் அனுப்பினேன், மெமோ வாங்கினேன். அதைப் பற்றி எனக்கு வருத்தமில்லை.

ஆய்வு நடந்தது. வருகிற தேதியைச் சொல்லி முன்கூட்டியே பட்டறைக்குக் கடிதம் போயிருந்தது. அவர்கள் போனபோது கொட்டகை கழுவி விடப்பட்டிருந்தது. பெண்கள் ஒருவரும் இல்லை. புங்கமரத்தைக்கூடத் தண்ணீர் அடித்துக் கழுவியிருந்தார்கள் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். குறிப்பிட்டபடி பெண் பணியாளர் எவரும் காணப்படவில்லை என்று எழுதி, ஆதாரமாக என் முதல் அறிக்கையின் நகலையே சேர்த்து, இரண்டாவது தடவையும் கோப்பை முடித்தார்கள்.

அடுத்த வருஷம் எனக்கு ஒரு தபால் கார்டு வந்தது. எழுதியவர் மாஸ்டர். நலம் விசாரிப்பெல்லாம் இல்லை. "செல்லி தவறிவிட்டாள், மூன்றாவது இடத்தில் இப்போது வேறு ஒரு பெண்ணை உட்காரவைத்திருக்கிறார்கள், அன்றைக்கு நான் வாயைத் திறந்து சொல்லியிருக்க வேண்டும், இந்த வேலையை நம்பி எனக்கும் நாலு பிள்ளைகள்" என்று எழுதியிருந்தது. அந்தக் கார்டைப் பல நாள் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தேன். மாஸ்டர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் வாயைத் திறக்கவில்லை, அவ்வளவுதான். நான் எழுத்தில் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு இரண்டு வருஷத்தில் பட்டறை மூடப்பட்டது. தூசிக்காக இல்லை. முதலாளி சலித்துப்போய் வேறு ஊருக்குப் போய்விட்டார். சரக்கு வருவது நின்றதும் சேகரிப்பாளர்களிடையே அதற்குக் கிராக்கி கூடிவிட்டது. இன்றைக்கும் ஏலப் பட்டியல்களில் பாருங்கள், "மூன்று கோடு மாஸ்டரின் கைவண்ணம்" என்று போட்டிருப்பார்கள். அந்தப் பெயருக்கு மூலம் என் முதல் அறிக்கைதான். இரண்டாவதைத் தேடிப் படித்தவர் யாரையும் நான் சந்தித்ததில்லை.

இனி நீங்கள் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். படத்தை வைத்துக் குறி சொல்லாதீர்கள். இப்போது உங்கள் போனில் கலரில் வருகிறது, பெரிதாக்கலாம் என்பீர்கள், ஆனாலும் தொட்டுப் பார்க்க முடியாது. பதிலை உள்ளே வைத்துக் கேள்வி கேட்காதீர்கள். யாராவது ஒருவர் தன் குறியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்து இருமல் வந்து நிறுத்தினால், இருமி முடிக்கும்வரை நில்லுங்கள். பஸ் போனால் போகட்டும். அன்றைக்கு நான் நின்றிருந்தால் கன்னியம்மா பிழைத்திருக்க மாட்டாள், அது எனக்கும் தெரியும். செல்லி பிழைத்திருப்பாள்.

ஓய்வு பெறுவதற்கு முன் அந்தக் கிண்ணத்தின் கார்டை நான் திருத்தி எழுதினேன். வனைந்தவர் என்ற இடத்தில் மாஸ்டரின் பெயர். மூன்றாவது இடத்தில் உட்கார்ந்து குறி இட்டவர்கள் என்று ஒரு புதிய வரி சேர்த்து, ஒன்று எல்லம்மா, இரண்டு கன்னியம்மா, மூன்று செல்லி என்று வரிசையாக எழுதினேன். நான்கு என்று எண்ணும் போட்டேன். பெயர் எழுதவில்லை. அந்தப் பெண் யார் என்று நான் போய்க் கேட்கவே இல்லை. உத்திரமேரூர் பஸ் தினமும்தான் போய்க்கொண்டிருந்தது. ஏரிக்கரையில் யாராவது என்னை அடையாளம் கண்டுகொண்டு, பஸ்சு ஏறிப்போன அம்மாதானே நீ என்று இன்னொரு தடவை கேட்டுவிடுவார்களோ என்ற பயத்தில் நான் ஏறவில்லை.

அவள் உயிரோடு இருந்தால் இப்போது அறுபதைத் தாண்டியிருப்பாள். உங்களில் ஒருவர் போய்க் கேளுங்கள். கிண்ணத்தையும் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள், பார்த்தால் அவளுக்குத் தெரியும். கார்டில் நான்காவது இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.